குழி இல்லாத தறி

புது தில்லி
6-7-1958

அன்புள்ள வரலட்சுமிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. தில்லியில் தபால்பெட்டிகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். பெட்டிகள் திறந்துதான் இருக்கின்றன, எனக்குத்தான் நேரமில்லை. காரணத்தைக் கேட்டால் மன்னித்துவிடுவாய். என் அம்மாவுக்கு இதை நிதானமாக இரண்டு தடவை படித்துக் காட்டு.

அக்டோபரில் இங்கே ஒரு பெரிய தேசியக் கண்காட்சி நடக்கப் போகிறது. நாட்டிலுள்ள தொழில்களுக்கும் ராஜ்யங்களுக்கும் தனித்தனி மண்டபம். கைத்தறி மண்டபத்தை வரைந்து, கட்டி, அலங்கரித்து நிறுத்தும் பொறுப்பு யாருக்குத் தெரியுமா? உன் அத்தை மகனுக்கு, உன் பாவாவுக்கு!

இதற்கு ஒரு கமிட்டி. பதினொரு பேர். ஒருவருக்கு நீரூற்று வேண்டும், ஒருவருக்கு யானை வேண்டும். ஒருவர் புதுமையாக இருக்கட்டும் என்றார், பக்கத்து நாற்காலிக்காரர் பழமையாக இருக்கட்டும் என்றார். தலைவர் இரண்டையும் குறித்துக்கொண்டு தேநீர் வரவழைத்தார். என் முதல் படம் ரயில் நிலையம் மாதிரி இருக்கிறதாம். இரண்டாவது படம் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம். மூன்றாவது படத்தைத் தலைவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். "பிரமாதம், இதுதான்" என்றார். இப்போது அந்தத் தலைகீழ் மண்டபத்தைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சுவரே கிடையாது. எல்லாம் துணி. நடுவில் பன்னிரண்டு படி ஏறினால் ஒரு மேடை, மேடைமேல் ஒரு தறி. அதில் நிஜமாகவே ஒருவர் உட்கார்ந்து நெய்வார், ஊர் முழுக்க வேடிக்கை பார்க்கும். யாரைக் கூப்பிடலாம் என்று கமிட்டி கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு உன் அண்ணன் பெயரைச் சொன்னேன். கோதண்டபாணி மச்சானைத் தயாராக இருக்கச் சொல். ஐந்து வாரம். போகவர ரயில், சாப்பாடு எல்லாம் சர்க்கார் பொறுப்பு.

மேடையின் வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டு. நீ எழுதியிருந்த பொதட்டூர்பேட்டை விஷயத்தைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நாகராஜன்


திருத்தணி
16-7-1958

அன்புள்ள பாவாவுக்கு வரலட்சுமியின் நமஸ்காரம்.

இங்கு அத்தையும் அண்ணனும் நானும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் சௌக்கியத்துக்கு மலைமேல் இருப்பவர் துணை.

கடிதத்தை அத்தைக்கு இரண்டு தடவை அல்ல, நாலு தடவை படித்தேன். தலைகீழ்ப் படத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "சின்ன வயசுல சட்டையே தலகீழாத்தான் போடுவான்" என்றார்கள்.

வரைபடத்தை அண்ணனிடம் கொடுத்தேன். தறியை நிறுத்திவிட்டு, வாசல் வெளிச்சத்தில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது? தறி வரைஞ்சிருக்கான், குழியக் காணோமே! நான் கால எங்க வெக்கறது, தலமேலயா?" என்றார்.

நானும் தேடிப் பார்த்தேன். படியின் உயரம் இருக்கிறது, மின்சார விளக்கின் உயரம் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தின் அகலம் இருக்கிறது. நெய்கிறவன் கால் தொங்கப்போட்டு மிதிக்கிற குழி மட்டும் இல்லை. பாவா, நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் கூடத்துக்கு நடுவே இருந்தது அந்தக் குழி! அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு எல்லம்மாள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். இப்போது தெரு முழுக்க இதே பேச்சுதான். "தில்லியில தறி நின்னுகினே நெய்யுமாம்" என்கிறார்கள்.

நான் சிரித்து முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். பொதட்டூர்பேட்டை விஷயத்தைப் பிறகு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின கடிதத்திலும் அதையேதான் எழுதினீர்கள். அதனால் வெட்கத்தை விட்டு நானே வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். நீங்கள் மதராஸுக்கு ஓவியம் படிக்கப் போகும் முன் அத்தையும் எங்கள் நைனாவும் நம் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது இருபத்தேழு. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். பொதட்டூர்பேட்டைப் பரந்தாமன் என்பவர் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி தவறிவிட்டார், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவர்கள் வீட்டில் என்னைப் பெண் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வாயிலிருந்து பதில் வராமல் அண்ணன் அவர்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டார். ஆங் என்றால் ஆங், இல்லை என்றால் இல்லை. ஒரு வார்த்தைதான் கேட்கிறேன்.

தங்கள்,
வரலட்சுமி


புது தில்லி
2-8-1958

அன்புள்ள வரலட்சுமிக்கு,

தெருவில் என் மானம் கப்பலேறியது போதாதென்று இங்கேயும் ஏறிவிட்டது. குழி வேண்டும் என்று எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். "கண்காட்சியில் குழி எதற்கு?" என்றார். "ஐயா, நெசவாளிக்கும் இரண்டு கால் இருக்கிறது" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் ஆறு மேஜை சுற்றி, குழி என்றால் மரம் நடத்தானே என்று தோட்டக்கலைப் பிரிவுக்குப் போய்விட்டது. எந்த மரக்கன்று அனுப்பட்டும் என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. ஒரு வேப்பங்கன்று வாங்கி வாசலில் வைத்துவிட்டேன், வீணாக்குவானேன்.

கடைசியில் தரையைத் தோண்டவில்லை. மேடை உயரமாகத்தானே இருக்கிறது, அதற்குள்ளேயே குழி விட்டாயிற்று. மச்சானிடம் சொல், கால் தாராளமாகத் தொங்கும்.

அடுத்த தலைவலி பலகை. தறிக்குப் பக்கத்தில் நெசவாளியின் ஊரையும் ராஜ்யத்தையும் எழுத வேண்டுமாம். திருத்தணி என்றேன். மதராஸ் மண்டபத்துக்காரர், "அது இப்போது ஆந்திராவில் அல்லவா இருக்கிறது" என்று கையை விரித்தார். ஆந்திர மண்டபத்துக்காரர், "அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள் அல்லவா" என்று அவரும் விரித்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சண்டைக்கு இரண்டும் என்று விளக்கிப் பார்த்தேன். கடைசியில் 'தென்னிந்தியா' என்று பொதுவாக எழுதி ராஜி செய்தோம். நம் ஊர் எந்தப் பக்கம் என்பது மலைமேல் இருப்பவருக்காவது தெரியுமோ என்னவோ.

குழியை எப்படி மறந்தேன் என்று எனக்கே புரியவில்லை, வரலட்சுமி. எங்கள் நைனா சாப்பிட எழுந்து போனதும் நாம் இருவரும் அதற்குள் இறங்கி ஒளிந்துகொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாய். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும், உள்ளே மண் ஜில்லென்று இருக்கும். மேலே பாவு நூல் கூரை போட்ட மாதிரி இருக்கும், அதன் நிழல் உன் முகத்தில் கோடு கோடாக விழும். சிரிக்கக்கூடாது என்று நீ என் வாயைப் பொத்துவாய், நீதான் முதலில் சிரிப்பாய். நூலுக்குப் போட்ட கஞ்சியின் வாசனையை நினைத்தால் இந்தத் தில்லியில் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்கிறது. இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, படம் வரையும்போது மட்டும் போய்விட்டது.

நீ கேட்ட ஒரு வார்த்தையைப் பற்றி: இதெல்லாம் கடிதத்தில் முடிக்கிற காரியமா? கண்காட்சி தொடங்கிவிடட்டும். அவர்களைத் தீபாவளிவரை பொறுக்கச் சொல்.

நாகராஜன்


திருத்தணி
11-8-1958

அன்புள்ள பாவாவுக்கு நமஸ்காரம்.

ஆடிக் கிருத்திகை முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. திருவாலங்காடு பக்கத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஏகப்பட்ட மாட்டு வண்டிகள். சரவணப் பொய்கையில் கால் வைக்க இடமில்லை. முழங்கால் வலியை மறந்து அத்தை படியேறிவிட்டார்கள். "கண்காட்சி நல்லா நடக்கணும், எம் பையன் ஊருக்கு வந்து சேரணும்" என்று நூறு படிக்கு ஒரு தரம் வேண்டிக்கொண்டார்கள். இரண்டாவது வேண்டுதலின்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

குழிக்குள் ஒளிந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அடியும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் ஓடிவிட்டீர்கள், அடி வாங்கியது நான்.

பொதட்டூர்பேட்டைக்காரர்கள் தீபாவளிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். அவர்களை மேற்கொண்டு காக்கவைக்க எனக்கு மனசில்லை.

அண்ணன் செப்டம்பர் கடைசியில் புறப்படுகிறார். மதராஸைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. ரயிலில் கொடுக்கிற சாப்பாடு வேண்டாம் என்று புளிச்சோறும் முறுக்கும் கட்டிக் கொடுக்கிறேன். அவரை உங்கள் அறையிலேயே உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பாஷை தெரியாத ஊரில் தனியாக விடவேண்டாம். அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பார்.

வரலட்சுமி


புது தில்லி
24-10-1958

என் அன்புள்ள வரலட்சுமிக்கு,

மண்டபம் திறந்து மூன்று வாரம் ஆகிறது. உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது. நடந்ததைக் கேள்.

மேடைக்கு ஏறும் பன்னிரண்டு படிகளும் வெறும் மரமாக மொட்டையாகத் தெரிந்தன. யோசிக்காமல் பக்கவாட்டில் காவியும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பட்டை அடிக்கச் சொன்னேன். நம் கண்ணுக்குப் படி என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? முதல் நாள் காலை முதலில் வந்த நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று படியைப் பார்த்தது, செருப்பைக் கழற்றியது. அவர்களைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். மதியத்துக்குள் வாசலில் செருப்பு மலை. யாரோ ஒரு வெள்ளைக்காரரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு கைகட்டிக்கொண்டு ஏறினார். இரண்டாம் நாள் படி ஒவ்வொன்றிலும் மஞ்சளும் குங்குமமும். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் முதல் படியில் கற்பூரம் ஏற்றிவிட்டாள். சுற்றிலும் துணிச் சுவர்! தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. என் உத்தியோகம் முடிந்தது என்று நினைத்தேன். தலைவர் வந்து செருப்புக் குவியலைப் பார்த்தார், பளபளவென்று இருந்த தரையைப் பார்த்தார். "மற்ற மண்டபமெல்லாம் புழுதி, இது மட்டும் சுத்தம். அருமையான ஏற்பாடு" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். தலைகீழாகப் பார்ப்பது அவருடைய சுபாவம், நான் என்ன செய்ய!

மச்சானைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். அவர் தலை நிமிர்வதில்லை. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டுகின்றன. என் அறை ரொம்பச் சின்னது, நண்பர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அதனால் அவருக்குத் தொழிலாளர் முகாமில் நல்ல கூடாரமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். கவலைப்படாதே.

இனி உன் விஷயம். இல்லை, நம் விஷயம். மச்சான் பாவு இணைப்பதைப் பார்த்துக்கொண்டே நேற்று ஒரு மணி நேரம் நின்றேன். இந்தத் துணிக்கூடாரம் டிசம்பரில் பிரிக்கப்படும். அப்புறம் நான் எங்கே போய் நிற்பேன் என்று தோன்றியது. உன் முகம்தான் வந்தது. எட்டு வருஷம் உன்னைக் காக்கவைத்திருக்கிறேன், வேறு எவளாவது என்றால் என் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பாள். நீ கேட்ட வார்த்தை இதோ: ஆங். தை மாதம் லீவு போட்டு வருகிறேன். அம்மாவிடம் சொல். மச்சானிடம் நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் ஊர் வந்ததும் நீயே சொல்லிவிடு.

உன்,
நாகராஜன்


திருத்தணி
14-11-1958

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். அத்தை என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின நாள் அண்ணன் வந்து சேர்ந்தார். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். வாய் ஓயாமல் உங்களைத்தான் புகழ்ந்தார். மண்டபம் அரண்மனை மாதிரி இருக்கிறதாம், பெரிய பெரிய ஆட்கள் உங்களுக்குக் கை கொடுக்கிறார்களாம். "பாவா உங்க மச்சான்னு தெரிஞ்சதும் ஜனங்க உங்களையும் கவனிச்சிருப்பாங்களே" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுபடி கேட்டதும் சொன்னார். யாரோ ஒரு ஆபீசரின் சம்சாரம், நம் தமிழ் பேசுகிறவர், உங்களோடு தறிப் பக்கம் வந்தாராம். "ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடையா இருக்கே, உங்களுக்கு உறவா?" என்று கேட்டாராம். நீங்கள், "இல்லைங்க, எங்க ஊர்ப்பக்கத்து நெசவாளி" என்றீர்களாம்.

தறிச் சத்தத்தில் அவர் காதில் விழாது என்று நினைத்திருப்பீர்கள். அப்போது இழை அறுந்து, அண்ணன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தறி நின்றிருந்தது.

அண்ணன் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "அங்க ஆயிரம் பேரு அவனைப் பார்த்துகினு இருக்காங்க. சொல்லாட்டி இன்னா இப்போ? உடு" என்றார். உடு என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டார். ஐந்து வாரத்துக்கு அப்புறம் வீட்டுச் சாப்பாடு, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் காரக்குழம்பு. அந்த இலையை நான்தான் எடுத்தேன்.

உங்கள் 'ஆங்'கை நான் இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை. அதற்குமுன் எனக்கு ஒன்று தெரியவேண்டும். நாளை நான் தில்லி வந்தால், அதே அம்மாள் கேட்டால், என்னை மனைவி என்று சொல்லித்தான் ஆகவேண்டும், அதை மறைக்க முடியாது. இவள் அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வரலட்சுமி


புது தில்லி
23-11-1958

அன்புள்ள வரலட்சுமிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் ஏதாவது ஒரு வேடிக்கை வந்து நுழைந்துகொண்டது.

அந்த அம்மாள் கேட்டது உண்மை. நான் அப்படிச் சொன்னதும் உண்மை. அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுதலாம். தவறவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு விருந்தில் யாரோ என் அப்பா யார் என்று கேட்டார்கள். ஜவுளி வியாபாரி என்றேன். அன்றைக்கு அது சின்னப் பொய்யாகத்தான் தோன்றியது. அப்புறம் அதற்குத் தகுந்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மச்சானை அறையில் வைத்துக்கொள்ளாததற்கும் அறை சின்னது என்பது காரணமில்லை. என் நண்பர்கள் வருவார்கள் என்பதுதான் காரணம். பாய் விரித்தால் அறையில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

நம் தொழிலை மேடை போட்டு, விளக்குப் போட்டு, நாடு முழுவதும் பார்க்கக் காட்டினேன். அதில் எனக்கு உண்மையாகவே பெருமைதான். ஆனால் அந்த மேடையில் இருக்கிறவர் என் மாமன் மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படிப்பட்டவனாக நான் எப்போது ஆனேன் என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்கு, இனிமேல் உண்மையைச் சொல்வேன் என்றுதான் எழுத நினைக்கிறேன். சொல்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை. உன்னிடம் இதையும் மறைத்தால் அப்புறம் எனக்கு யாருமில்லை. மச்சானை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் பதிலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, நீயாக எழுதினால் எழுது.

நாகராஜன்


திருத்தணி
5-12-1958

அன்புள்ள பாவாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். படிக்க வேண்டாம் என்று நினைத்தேன், அவர்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மன்னிப்பு கின்னிப்பெல்லாம் வாணாம், வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போவச் சொல்லு" என்றார். அவர் மனசில் ஒன்றுமில்லை. நீங்கள் அதை நம்பலாம்.

நீங்கள் பொய் எழுதவில்லை. அதற்காக உங்கள்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஆனால் கோபம் போனால் போதும் என்று கூடவந்து குடித்தனம் நடத்த முடியாது. எங்கள் அண்ணன் வாசலில் வந்து நின்றால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரை உள்ளே கூப்பிட வேண்டிய வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டு நாள் அழுதேன். அப்புறம் பொதட்டூர்பேட்டைக்குச் சொல்லி அனுப்பச் சொன்னேன். அவர்கள் வந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தை கடைசி முகூர்த்தம், மலைமேல்.

அத்தை ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவர்களே வந்து எனக்குத் தலை வாரிவிட்டார்கள். அவர்களை நான் பார்த்துக்கொள்வேன், பொதட்டூர்பேட்டை பக்கம்தானே.

நீங்கள் லீவு போட்டதை ரத்து செய்யவேண்டாம், கல்யாணத்துக்கு வாருங்கள். பந்தலில் ஒதுங்கி நிற்காமல் முன்னால் வந்து உட்காருங்கள். மாப்பிள்ளை வீட்டார் இவர் யார் என்று கேட்பார்கள். எங்கள் பாவா என்று நான் சொல்கிறேன்.

வரலட்சுமி